மாவுப்பூச்சிக்கு ஒரு வரிப் பதில் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் தோட்டப் பகுதியில் ஒரு வாசகி கேட்டிருந்தார்: வீட்டுக்குள் வைத்திருக்கும் சக்குலன்ட் செடிகளில் (இலையிலும் தண்டிலும் தண்ணீரைச் சேர்த்து வைக்கும் சதைப்பற்றுச் செடிகள்) இலை இடுக்கெல்லாம் வெள்ளையாகப் பஞ்சு மாதிரி ஒட்டியிருக்கிறது, செடி நாளுக்கு நாள் சுருங்குகிறது, என்ன செய்யலாம் என்று. பதில் ஒரே வரி. வேப்பெண்ணெய்க் கரைசல் தெளிக்கவும், அவ்வளவுதான். படித்ததிலிருந்து எனக்கு மனசு கேட்கவில்லை. அந்த அம்மா அதை நம்பி, காலை பத்து மணிக்கு வேப்பெண்ணெயை அடித்து ஜன்னல் வெயிலில் செடியை வைத்திருந்தால், இந்நேரம் இலைகள் வெந்து பழுப்பாகிப் போயிருக்கும், பூச்சி மட்டும் இடுக்குக்குள் பத்திரமாக இருக்கும். எனக்கே அப்படி ஆகியிருக்கிறது, அதனால்தான் சொல்கிறேன்.

நான் கோவையில் இருக்கிறேன். ஜன்னல் ஓரத்திலும் மொட்டை மாடியிலும் சேர்த்து 70 தொட்டிக்கு மேல் இருக்கின்றன. ஜேட், எச்செவேரியா, ஹவோர்த்தியா, கலஞ்சோ, அடீனியம், கூடவே சோற்றுக்கற்றாழை. எட்டு வருஷமாக வளர்க்கிறேன், அதில் முதல் மூன்று வருஷம் செடி வளர்த்ததைவிட மாவுப்பூச்சியோடு மல்லுக்கட்டியதுதான் அதிகம். அதில் தெரிந்துகொண்டதை உங்கள் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும், உங்களிடமும் ஒன்று கேட்க வேண்டும்.

முதலில் பூச்சி இருக்கிறதா என்பதைப் பார்க்கத் தெரிய வேண்டும். எச்செவேரியா இலை மேல் இயற்கையாகவே வெள்ளையாக ஒரு மாவு படிந்திருக்கும், திராட்சைப் பழத்தின் மேல் இருக்குமே அந்த மாதிரி. அது செடி தனக்குத்தானே பூசிக்கொள்ளும் மெழுகு, வெயிலுக்குக் குடை. அதைப் பூச்சி என்று நினைத்துத் துணியால் துடைத்துவிடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒருமுறை துடைத்தால் அந்த இலையில் பழைய அழகு திரும்பி வராது, புது இலை வந்தால்தான் உண்டு. மாவுப்பூச்சி அப்படி இலை முழுக்கப் பரவலாக இருக்காது. இலை தண்டோடு சேரும் இடுக்கில், ரோஜாப்பூப் போல அடுக்கியிருக்கும் இலைகளின் நடுவில், அடியில் காய்ந்து தொங்கும் பழைய இலைக்குப் பின்னால் என்று வெளிச்சம் படாத இடமாகப் பார்த்துத் திட்டுத் திட்டாக ஒட்டியிருக்கும். பல் குத்தும் குச்சியால் தொட்டால் பஞ்சு பிசுபிசுவென்று இழுபடும், உள்ளே அரிசிக் குருணை அளவில் ஒரு பூச்சி மெதுவாகக் காலை அசைக்கும்.

அதற்கும் முன்னால் தெரியும் அடையாளம் எறும்பு. தொட்டி விளிம்பில் சிற்றெறும்பு சாரி போகிறதென்றால் செடியைத் தூக்கிப் பாருங்கள். மாவுப்பூச்சி, அசுவினி, செதில் பூச்சி இந்த மூன்றும் செடியின் சாற்றை உறிஞ்சுகிறவை. சாற்றில் இருக்கும் சர்க்கரை அவற்றுக்குத் தேவைக்கு மேல் என்பதால் மீதியை இனிப்பு நீராக வெளியே விடுகின்றன. அதைக் குடிக்கத்தான் எறும்பு வருகிறது, குடிக்கிற நன்றிக்குப் பூச்சியைத் தின்ன வரும் மற்ற பூச்சிகளை விரட்டிக் காவலும் காக்கிறது. அந்த இனிப்பு இலையில் விழுந்து காய்ந்த இடத்தில் கரிபோலக் கரும்பூசணம் படரும். ஆக எறும்பை விட்டுவிட்டு மாவுப்பூச்சியை மட்டும் கொன்றால் வேலை பாதிதான். தொட்டிகளை ஒரு தண்ணீர்த் தட்டு நடுவே செங்கல் வைத்து அதன் மேல் ஏற்றி வைத்தாலே எறும்பு வரத்து நின்றுவிடும். சமையலறையில் சர்க்கரை டப்பாவுக்கு நம் அம்மாக்கள் செய்ததுதான்.

சரி, ஏன் ஒரு தடவை மருந்தடித்தால் போகாது? ஒரு தாய்ப்பூச்சி தன் பஞ்சுப் பைக்குள் நூற்றுக்கணக்கில் முட்டை வைக்கும். அந்தப் பஞ்சு மெழுகு இழை, அதில் தண்ணீர் ஒட்டாது, மேலே தெளிப்பது எதுவும் முட்டை வரை எட்டாது. முட்டை பொரிந்து வெளியே வரும் குஞ்சுகளுக்கு மட்டும்தான் கொஞ்ச நாளைக்கு மெழுகுப் போர்வை கிடையாது. வெளிர் மஞ்சளாகப் பொடி மாதிரி இருக்கும், கண்ணுக்குச் சட்டென்று தெரியாது, அந்த வயதில்தான் நடந்து அடுத்த இலைக்கும் அடுத்த தொட்டிக்கும் போகும். நம்மூர்ச் சூட்டில் ஒரு தலைமுறை முடிய ஏறக்குறைய ஒரு மாதம். அதனால் நாம் செய்யும் எதையும் வாரத்துக்கு ஒருமுறை, குறைந்தது ஆறு வாரம் செய்தாக வேண்டும். மூன்றாவது வாரம் செடி சுத்தமாகத் தெரியும், அப்போதுதான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். நானும் இரண்டு முறை அங்கேதான் விட்டேன், இரண்டு முறையும் பழையபடி வந்தது.

நான் செய்வதைச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், மேசை விளக்கடியில் ஒவ்வொரு தொட்டியாக எடுத்து வைத்துக்கொள்வேன். மருந்துக் கடையில் கிடைக்கும் சர்ஜிகல் ஸ்பிரிட்டோ, 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலோ ஒரு சின்னக் கிண்ணத்தில், காது குடையும் பஞ்சுக் குச்சி ஒரு கட்டு. குச்சியை நனைத்துப் பூச்சி மேல் வைத்த நொடியில் அந்த வெள்ளைப் பஞ்சு கரைந்து மறைந்துவிடும், உள்ளே இருக்கும் பூச்சி செம்பழுப்பு நிறமாக மாறும், அப்படி மாறினால் முடிந்தது என்று அர்த்தம். ஜேட் செடியின் கணுக்களில் ஒரு மெல்லிய பள்ளம் சுற்றிலும் ஓடும் பாருங்கள், அதற்குள் குஞ்சுகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும், பஞ்சுக் குச்சி அங்கே நுழையாது, பல் குத்தும் குச்சியின் முனையில் ஒரு இழை பஞ்சைச் சுற்றி அதை நனைத்துத்தான் துழாவ வேண்டும். முதல் தடவை ஒரு ஜேட் செடிக்கு முக்கால் மணி நேரம் ஆனது. இப்போது பத்து நிமிஷம். கைச்சுத்தத்துக்கு வாங்கி வைத்த சானிடைசர் ஜெல்லைப் போடாதீர்கள், அதிலிருக்கும் பசை இலையில் அப்படியே படிந்துவிடும். ஸ்பிரிட் தீப்பற்றும் சமாச்சாரம், அடுப்புப் பக்கமோ விளக்கேற்றும் இடத்திலோ இந்த வேலை வேண்டாம். மாவு படிந்த எச்செவேரியாவில் பூச்சி இருக்கும் புள்ளியில் மட்டும் தொடுங்கள், இலை முழுக்கத் தடவினால் அந்த மெழுகும் போய்விடும்.

செடி முழுக்கப் பரவிவிட்டது, குச்சியால் முடியாது என்றால் சோப்புத் தண்ணீர். இதிலும் ஒரு விஷயத்தை யாரும் சொல்வதில்லை. ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரில் சோப்பைக் கரைத்தால் நுரை வராமல் தயிர் திரிந்த மாதிரி ஆகுமே, அந்தக் கரைசல் பூச்சியை ஒன்றும் செய்யாது, இலையில் வெள்ளைத் திட்டு விழுவதுதான் மிச்சம். என் வீட்டில் சிறுவாணித் தண்ணீர் வரும் நாளில் ஒரு குடம் பிடித்து வைத்துவிடுவேன், இல்லையென்றால் மழைத்தண்ணீர். துணி துவைக்கும் தூள் வேண்டவே வேண்டாம். மென்மையான திரவ சோப்பு லிட்டருக்கு 5 மில்லி, பூச்சி மேல் நேராகப் படும்படி அடித்து, கொஞ்ச நேரம் கழித்து நல்ல தண்ணீரில் கழுவிவிட வேண்டும். சோப்பு காய்ந்த பிறகு பூச்சியை ஒன்றும் செய்யாது, ஈரமாகப் பட்டால்தான் சாகும். ரோஜா அடுக்கின் நடுவே தேங்கிய தண்ணீரை ஒரு பஞ்சால் ஒற்றி எடுத்துவிடுங்கள், தேங்கினால் அழுகும்.

இப்போது வேப்பெண்ணெய். நான் அதற்கு எதிரி இல்லை, முருங்கையிலும் செம்பருத்தியிலும் இன்றைக்கும் அடிக்கிறேன். ஆனால் அது தண்ணீரில் தானாகக் கலக்காது, சோப்புச் சேர்த்து நன்றாகக் குலுக்கினால்தான் கலக்கும், இல்லையென்றால் எண்ணெய் மேலே மிதந்து கடைசியாகத் தெளிக்கும் செடியின் தலையில் மொத்தமாகக் கொட்டும். சக்குலன்ட் இலையின் மெழுகைக் கரைத்துவிடும். ஜேட் வகைகளுக்கு எண்ணெயே ஒத்துக்கொள்வதில்லை, இலை பொத்துப்போய் உதிரும். அடித்தே ஆக வேண்டுமென்றால் ஒரே ஒரு இலையில் அடித்து நாலு நாள் பார்த்து, சூரியன் இறங்கிய பிறகு அடித்து, இரண்டு மூன்று நாள் நிழலில் வைக்க வேண்டும். இதெல்லாம் சேர்த்துச் சொல்லாமல் வேப்பெண்ணெய் தெளிக்கவும் என்று மட்டும் எழுதுவது பாதி மருந்துச் சீட்டு.

பூப்பருவத்தில் எச்செவேரியாவும் கலஞ்சோவும் நீட்டும் பூத்தண்டில் அசுவினி மொய்க்கும். அதற்கு மருந்தே வேண்டாம், தண்டை வெட்டிப் போட்டுவிடுங்கள், பூ போனால் போகட்டும். செதில் பூச்சி என்றால் நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டு ஸ்பிரிட்.

என்னை உண்மையில் அழவைத்தது மேலே இருக்கும் பூச்சி இல்லை. ஒரு ஹவோர்த்தியா, ஆறு வருஷச் செடி, சுற்றிலும் 11 கன்றுகள். தண்ணீர் ஊற்றியும் இலை சுருங்கிக்கொண்டே வந்தது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றினேன், அப்புறம் அதிகமாகிவிட்டதோ என்று நிறுத்தினேன், எதற்கும் அசையவில்லை, மேலே ஒரு பூச்சி கிடையாது. கடைசியில் தொட்டியைக் கவிழ்த்துத் தட்டினேன். மண்கட்டி அப்படியே வார்ப்பு மாதிரி வெளியே வந்தது, தொட்டியின் உட்சுவர் முழுக்க யாரோ சுண்ணாம்பைத் தொட்டு வைத்த மாதிரி வெள்ளை வெள்ளையாக. வேர்களுக்கு நடுவில் பூஞ்சணம் போல வெள்ளைப் பொடி, உற்றுப் பார்த்தால் அந்தப் பொடி நகர்கிறது. வேர் மாவுப்பூச்சி. தாய்ச்செடியைக் காப்பாற்ற முடியவில்லை. கன்றுகளில் மூன்றை மட்டும், மண்ணை மொத்தமாக உதிர்த்துவிட்டு, குழாயடியில் வேரைக் கழுவி, மெல்லிய வேர்களையெல்லாம் வெட்டி எறிந்து, ஸ்பிரிட்டில் நனைத்த தூரிகையால் அடித்தண்டைத் துடைத்து, நாலு நாள் நிழலில் வெறும் தாளில் உலர வைத்துப் பிறகு புது மண்ணில் நட்டேன். மூன்றும் பிழைத்தன. பழைய மண்ணைக் குப்பையில்தான் போட வேண்டும், இன்னொரு செடிக்குப் போட்டால் பூச்சியை நாமே பரிமாறின மாதிரி. தொட்டியைக் கொதிநீர் ஊற்றிக் கழுவலாம். அடித்துளை வழியாக ஒரு தொட்டியின் தண்ணீர் வடிந்து அடுத்த தொட்டியின் தட்டில் சேரும்படி வைக்கக்கூடாது என்பதும் அப்போதுதான் எனக்கு உறைத்தது, வேர் மாவுப்பூச்சி அந்த வழியாகவும் போகும்.

அது எங்கிருந்து வந்தது? காற்றில் வரவில்லை, நான் காசு கொடுத்து வாங்கி வந்ததுதான். வேர் நெருக்கிப் போன கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டியோடு, அதே மண்ணோடு வாங்கி வந்து அப்படியே மற்ற செடிகளுக்கு நடுவில் வைத்தேன். இன்றைக்கு நம் ஊர் நர்சரிகளுக்கு ஆந்திராவின் கடியத்திலிருந்தும் திருச்சூர் மண்ணுத்தியிலிருந்தும் லாரியில் செடி வருகிறது, கள்ளி வகைகள் வங்காளத்தின் காலிம்போங்கிலிருந்து கூரியரிலேயே வருகின்றன. செடி வருவது சந்தோஷம்தான். ஆனால் வாங்குகிறவர் தொட்டியைத் தட்டி வேரைப் பார்க்கலாமா என்று கேட்டால் முகம் சுளிக்கக்கூடாது. வாங்கி வந்த செடியை ஒரு மாதமாவது தனி ஜன்னலில் ஒதுக்கி வையுங்கள், வந்த அன்றே மண்ணை மாற்றுங்கள். என் வீட்டுக்கு வந்த பூச்சியில் முக்கால்வாசி இந்த இரண்டைச் செய்யாததால் வந்தது.

அடுத்து நான் சொல்லப்போவதற்காகத்தான் முக்கியமாக இந்தக் கடிதம். இரண்டு வருஷம் முன்பு ஒரு நர்சரியில், பெயர் வேண்டாம், மாவுப்பூச்சி என்றதும் அங்கிருந்த பையன் உள்ளே போய் ஒரு பழைய குளிர்பான பாட்டிலில் பழுப்பாக ஏதோ ஊற்றிக்கொண்டு வந்தான். "ஒரு மூடி ஊத்தி அடிங்கம்மா, ஒண்ணு மிஞ்சாதுங்க" என்றான். பாட்டிலில் சீட்டு இல்லை, பெயர் இல்லை, மூடியைத் திறக்காமலே நெடி மூக்கில் ஏறியது. என்ன மருந்தப்பா என்றால் அவனுக்கும் தெரியவில்லை, முதலாளி பெரிய டின்னிலிருந்து ஊற்றி வைத்தது என்றான். வீட்டில் நாலு வயதுப் பேரன் இருக்கிறான், ஆரஞ்சு நிற மூடி போட்ட பாட்டில் என்றால் அவனுக்கு அது ஜூஸ். நான் வாங்கவில்லை. எனக்கு முன்னால் நின்ற ஒரு பெண் வாங்கிக்கொண்டு போனார்.

பூச்சிமருந்தை உரிமம் இல்லாமல், சீட்டு ஒட்டாமல் விற்கக்கூடாது என்று 1968ஆம் வருஷத்துப் பூச்சிக்கொல்லிச் சட்டமே சொல்கிறது. முறையான டப்பாவில் சாய்சதுரக் குறி ஒன்று இருக்கும், அதன் கீழ்ப்பாதி நிறம்தான் விஷத்தின் அளவு: சிவப்பு மிகக் கடுமை, அடுத்து மஞ்சள், அடுத்து நீலம், பச்சை எல்லாவற்றிலும் குறைவு. குளிர்பான பாட்டிலில் எந்த நிறம் இருக்கிறது? நம் வீடுகளில் மூட்டைப்பூச்சிக்கு அடித்துக்கொண்டிருந்த டைகுளோர்வாஸ் 2020 கடைசியோடு நாட்டில் தடை. மோனோகுரோட்டோபாஸைக் காய்கறியில் அடிக்கக்கூடாது என்று 2005லேயே தடை. வயலுக்கே ஆகாது என்று சொல்லப்பட்டவை ஜன்னல் மூடிய படுக்கையறையில் எதற்கு? அதுவும் ஒரு கைப்பிடி அளவு செடிக்கு.

மருந்தை நம்பி ஏமாந்த கதை எங்கள் கொங்குப் பக்கத்துக்கு நன்றாகவே தெரியும். 2008இல் பப்பாளி மாவுப்பூச்சி இந்தியாவிலேயே முதன்முதலாக எங்கள் கோவையில்தான் கண்டுபிடிக்கப்பட்டது. மெக்சிகோ பக்கத்துப் பூச்சி. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி, செம்பருத்தி என்று எதையும் விடவில்லை. என் அண்ணன் கோபிச்செட்டிபாளையம் பக்கம் ஒரு ஏக்கர் மல்பெரி வைத்திருந்தார், வாரத்துக்கு ஒரு மருந்து மாற்றி மாற்றி அடித்தார், இலையில் விஷம் இருந்ததால் பட்டுப்புழுவுக்கும் போட முடியவில்லை, கடைசியில் வேரோடு பிடுங்கினார். அடங்கியது எதனால் தெரியுமா? 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகைக் குட்டிக் குளவிகளைத் தருவித்து, பெங்களூரில் பெருக்கி, வேளாண் பல்கலைக்கழகம் மூலம் வயல்களில் விட்டார்கள். கொசுவைவிடச் சின்னதாக இருக்கும், மாவுப்பூச்சிக்குள் முட்டையிடும், அதன் குஞ்சு பூச்சியை உள்ளிருந்தே தின்றுவிடும். ஒன்றிரண்டு வருஷத்தில் பூச்சி அடங்கிவிட்டது. மருந்தை நிறுத்திய தோட்டத்தில்தான் குளவி தங்கும் என்பதையும் அண்ணன் அப்போது பார்த்தார். மரவள்ளிக்கு வந்த இன்னொரு மாவுப்பூச்சிக்கும் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து குளவி கொண்டுவந்து 2022இல் சேலத்தில் விட்டார்கள்.

என் அப்பத்தா இன்னும் பழைய கதை ஒன்று சொல்வார். அவர் சின்ன வயதில் ஊரைச் சுற்றிச் சப்பாத்திக்கள்ளிக் காடாக இருந்ததாம், ஆடு மேய்க்க வழியில்லையாம், ஒரு வெள்ளைப் பூச்சி வந்து நாலைந்து வருஷத்தில் அத்தனையும் கூழாகிப் போனதாம். சின்னதில் அதைக் கதை என்றுதான் நினைத்தேன். பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன், 1926இல் இலங்கையிலிருந்து கொண்டுவந்து விட்ட சிவப்புச் சாயப்பூச்சி இனம் அது, கொச்சினீல் என்பார்கள். கள்ளிச் சாற்றை உறிஞ்சும் பூச்சிதான், மேலே அதே வெள்ளைப் பஞ்சு, நசுக்கினால் இரத்தம் மாதிரிச் சிவப்பு. அந்தச் சாயத்துக்காகவே 1780களில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் சென்னை சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் போட்டிருக்கிறார். ஊரையே அடைத்த கள்ளியைத் தின்று தீர்த்த பூச்சிக்கு உங்கள் ஜன்னலில் இருக்கும் ஒரு கள்ளி எம்மாத்திரம்? உங்கள் கள்ளியில் பஞ்சைக் குத்தியதும் சிவப்பு வந்தால் அந்தத் தொட்டியை அன்றைக்கே மற்றவற்றிலிருந்து பிரித்துவிடுங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மாடியில் செம்பருத்தியில் ஒருநாள் பெரிய மாவுப்பூச்சிகள் வேகவேகமாக ஓடுவதைப் பார்த்து, ஒன்றுவிடாமல் நசுக்கினேன். அவை மாவுப்பூச்சி இல்லை, அதைத் தின்ன வந்த பொறிவண்டின் புழுக்கள், உடம்பில் அதே மாதிரி வெள்ளை இழைகளோடு இருக்கும். ஆஸ்திரேலியாவிலிருந்து 1898இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட கிரிப்டோலேமஸ் என்ற வண்டு. இன்றைக்கும் நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. மாவுப்பூச்சி என்றால் மூன்று நான்கு மில்லிமீட்டர்தான், நகர்வது தெரியாத அளவுக்கு மெதுவாக நகரும். அதைவிட மூன்று மடங்கு பெரிசாக, இழை நீளமாக, சுறுசுறுப்பாக ஓடினால் கை வைக்காதீர்கள்.

அதனால் உங்களிடம் கேட்பது இதுதான். வாசகர் கேள்விக்குப் பதில் எழுதும்போது எந்தச் செடி, வீட்டுக்குள்ளா வெளியிலா, என்ன தண்ணீர், எத்தனை வாரம் என்று விவரமாக எழுதச் சொல்லுங்கள், இடம் போதவில்லையென்றால் நாலு கேள்விகளை எடுப்பதற்குப் பதிலாக ஒரே கேள்வியை எடுங்கள். பூச்சியின் படத்தையும் பொறிவண்டுப் புழுவின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு தடவை வண்ணத்தில் போடுங்கள். சீட்டில்லாத பாட்டிலில் மருந்து விற்பதைப் பற்றி உங்கள் நிருபர் ஒருவர் நாலு நர்சரிக்குப் போய் எழுதினால் வேளாண் துறை அதிகாரிகள் கண்ணில் படும்.

கேள்வி கேட்ட அந்த வாசகிக்கு: செடியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இலை இன்னும் கெட்டியாக இருந்தால் பிழைக்கும். இன்று சாயங்காலம் தொட்டியைக் கவிழ்த்து வேரைப் பாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கோயம்புத்தூர்.